சாய்ந்த ஏழு

ஹலோ... ஆங், ஹலோ... கேக்குது மாப்ள, நல்லாவே கேக்குது... இரு இரு, முதல்ல நான் சொல்லிடுறேன். மனுஷ உசுருக்கு விலையே கிடையாதுன்னு சொல்லுவாங்கல்ல? சும்மா சொல்றாங்க. இருக்கு. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டாயிரத்து ஐநூறு. ரெண்டு பக்கமும் சேத்து முப்பத்தேழாயிரம். வரி தனி... என் உசுருதான்டா, வேற எவன் உசுருக்கு நான் விலை கேக்கப் போறேன்? டயர் கடைக்காரர் அட்டையில எழுதியே காட்டிட்டாரு...

ஆமா ஆமா, டயர் கடையிலதான் நிக்கிறேன்... வண்டியோடதான். டயர் கடைக்குக் காலாற நடந்தா வருவாங்க?... ஆமா, காலையில நான்தான் எடுத்தேன். விடியறதுக்கு முன்னாடியே. உங்கக்கா சாவியைத் தையல் மெஷின் டிராயர்ல, நூல்கண்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தா. அவளுக்கு நெனப்பு, நான் தேடமாட்டேன்னு. ஒண்ணரை மாசம் கட்டில்ல மல்லாந்து கெடந்தவன்டா நான். எந்த டிராயர் எப்பத் தொறக்குது, எப்ப மூடுதுன்னு சத்தத்தை வச்சே சொல்லுவேன்... இடுப்புக்கு என்ன? பெல்ட்டு போட்டிருக்கேன். குனியத்தான் முடியல. உக்காந்து ஓட்டுறவன் எதுக்குக் குனியணும்?

நீதான் காலையிலேர்ந்து பதினஞ்சு தடவை போன் அடிச்சிருக்க. பாத்தேன். எடுக்கல. ஏன் எடுக்கல? எதுக்கு அடிக்கிறன்னு தெரியும். நான் எழுந்து வண்டிய எடுத்துட்டேன்னு தெரிஞ்ச உடனே நீ போனைத் தூக்கியிருப்ப. நடைக்குக் கிடைக்கிற பேட்டா காசு போச்சேன்னு... பின்ன எதுக்கு?... சரி, அதை அப்புறம் சொல்லு. இப்ப நான் பேசுறேன். அதுக்குத்தான எடுத்தேன்...

கதைய கேளு. பாலம் தாண்டினதும் ஸ்டீயரிங் இடது பக்கமா இழுக்க ஆரம்பிச்சுது. சும்மா இல்ல, கல்யாண வீட்டுல சொந்தக்காரன் கையப் புடிச்சு இழுக்குற மாதிரி, விடவே மாட்டேங்குது. இந்தக் கடையிலயே ஓரங்கட்டிட்டேன். ஃபிட்டர் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "முன் இடது டயர்ல பக்கவாட்டுல வீங்கியிருக்கு, முட்டை சைசுக்கு"ன்றாரு. இன்னும் பத்து மைல் போயிருந்தா வெடிச்சிருக்குமாம். வெடிச்சா ஸ்டீயரிங்கு நம்ம பேச்சைக் கேக்காதாம்...

ஆமா... ஆமாடா, நல்லாத்தான் இருக்கேன். ஏன் அழுகுற மாதிரி பேசுற? ஜலதோஷமா?

எந்தக் கடையா? அதான் சொன்னேனே, டயர் கடை... எத்தனை கடை இருந்தா என்ன?... பாலம் இறங்கினதும் வளைவுல, மஞ்சப் பெயின்ட் அடிச்சது. நம்ம எப்பவும் காத்தடிக்கிற கடைதான்... என்னது, அங்க வேணாமா? ஏன்? வேற கடைக்கு எப்படிடா போறது? முன்சக்கரம் ரெண்டையும் கழட்டியாச்சு. வண்டி மரக்கட்டை மேல முட்டி போட்டு நிக்குது, பரீட்சையில தோத்த பையன் மாதிரி. நான் கேக்குறதுக்கு முன்னாடியே ஃபிட்டர் அந்த வீங்கின டயரை ரிம்முலேர்ந்து கடப்பாரையால நெம்பிட்டாரு. நெம்பினதுல ஓரம் கிழிஞ்சுபோச்சாம். இனி பழசைத் திரும்ப மாட்டவும் முடியாது. கூண்டுக்குள்ள வந்த மீனு கணக்கா ஆகிப்போச்சு என் நெலம. வாசல் தெரியுது, வெளிய போக வழி தெரியல.

இதுல கூத்து என்னன்னா, ரெண்டும் ஒட்டு டயருன்றாரு கடைக்காரரு... ஒட்டு டயர்டா, தேஞ்ச டயர் மேல புது ரப்பர ஒட்டி விப்பாங்கல்ல, பின்னாடி மாட்டுறதுக்கு. "முன்னாடி ஒட்டு டயர் போட்டு ஓட்டுறவன் பொண்டாட்டி மேல கோவத்துல இருக்கணும்"னு என்கிட்டயே சொல்றாரு. நான் விடுவேனா? "போன வருஷம் புத்தம்புதுசா வாங்கினது முதலாளி, என் ரெண்டு கண்ணு மாதிரி பாத்துக்கிட்டது"ன்னேன். "அப்ப உங்களுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்கு"ன்றாரு. இவங்க பொழப்பே இதுதான். உள்ள வர்ற எந்த டயரும் நல்ல டயரா இருந்ததா சரித்திரமே இல்ல. குனிஞ்சு பாத்தாத்தான நாம பதில் சொல்ல முடியும்? பெல்ட்டு விடமாட்டேங்குது...

இரு, ஒரு நிமிஷம்ங்காத. என் நிமிஷமெல்லாம் உருகிக்கிட்டிருக்கு. பின்னாடி என்ன லோடுன்னு நெனச்ச? ஐஸுடா. நூத்திருபது பார், பெரிய பெரிய கட்டி. பத்தரைக்குள்ள துறைமுகத்துல மீன் ஏலக்காரர் முன்னாடி நிக்கணும். முக்கால்வாசிக்குக் கீழ உருகின பாரை அவர் கணக்குலயே எடுக்க மாட்டாரு. இப்பவே தார்ப்பாய்க்கு அடியிலேர்ந்து சொட்டுது. ஒரு நாய் வந்து வண்டிக்கு அடியில சொகமா படுத்திருக்கு, ஏதோ நான் அதுக்காகவே குளுகுளுன்னு ரூம் போட்டுக் குடுத்த மாதிரி. நான் இங்க ஐநூறு ரூபா குறைக்கச் சொல்லிக் கேக்குறதுக்குள்ள அங்க ஐநூறு ரூபா தண்ணியாப் போகுது. கடைக்காரர் பேரமே பேசல மாப்ள. சும்மா வெயிலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. வெயிலே அவருக்காகப் பேசிக்கிது.

அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். என் சட்டைப் பையில பதிமூணாயிரம் இருக்கு. ஒண்ணரை மாசம் வண்டிய நீ ஓட்டின. அந்தப் பணம் எங்க?... என்னது, தவணையா? தவணை போக?... தவணை போகவும் ஒண்ணும் இல்லையா? எப்படிடா இல்லாமப் போகும்?... துறைமுகத்துல வாடகையைப் புடிச்சுக்கிட்டாங்களா? ஏன் புடிக்க மாட்டாங்க? லேட்டு! ஒவ்வொரு நடையும் லேட்டு! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் படுத்திருந்தாலும் என் காது படுக்கல. ஏலக்காரர் எனக்கே போன் போட்டாரு. "உங்க மச்சினர் வண்டிய ஓட்டிட்டு வர்றாரா, தள்ளிட்டு வர்றாரா"ன்னு. துறைமுகத்துல உனக்கு என்ன பேரு தெரியுமா? ஆமை! "ஆமை வந்துடுச்சா, ஆமை வந்துடுச்சா"ன்னு கேப்பாங்களாம். ஸ்பீடு முள்ளு நாப்பதைத் தாண்டவே தாண்டாதாம். இருபத்தஞ்சு வயசுப் பையன், மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி லாரி ஓட்டியிருக்க. ஐஸ் ஏத்திக்கிட்டு! வழியெல்லாம் ரோட்டுக்குத் தண்ணி தெளிச்சுட்டு, துறைமுகத்துல போய் ஐஸைச் சுத்தியிருந்த ஈர வைக்கோல மட்டும் எறக்கியிருக்க...

சொல்லு... இல்ல, வேணாம், சொல்லாத. உன் சாக்குக்கு இப்ப நேரமில்ல.

(கடைக்காரர் பக்கம் திரும்பி)

ஆங் முதலாளி?... பழைய டயரா? இருந்தா முதல்லயே சொல்லக்கூடாதா, முப்பத்தேழாயிரம்னு என் நெஞ்ச அடைக்க வச்சுட்டு... ஜோடியா?... யாரோ அவசரத்துக்கு வித்துட்டுப் போனதா? அடப்பாவமே, யாரு பெத்த புள்ளையோ... என்ன விலை?... ஒண்ணு பன்னெண்டா?

(போனுக்குள், தாழ்ந்த குரலில்)

மாப்ள, லைன்லயே இரு. வச்சுடாத. நீ இப்ப வேற டயர் கடைக்காரன். நீ பேச வேண்டாம், நான் பேசிக்கிறேன்.

(உரக்க)

அப்படிங்களா முதலாளி? ஏழாயிரமா! ஜோடியா எடுத்தா ஏழுக்கே குடுத்துடுவீங்களா?... வண்டி நிக்கிற இடத்துக்கே கொண்டாந்து மாட்டித் தர்றீங்களா? பெரிய மனசுங்க உங்களுக்கு... இல்ல, இங்க ஒருத்தர் பன்னெண்டு சொல்றாரு. நல்ல மனுஷன்தான், விலைதான் கொஞ்சம் வளந்துபோச்சு...

(தாழ்ந்த குரலில்)

டேய், மறுபடியும் "ஒண்ணு சொல்லணும்"ங்காத. இங்க யாவாரம் நடக்குது.

(உரக்க)

பதினொண்ணரையா முதலாளி? ஐநூறுதான் எறங்குவீங்களா? மாடிப்படியில கூட ரெண்டு படி சேத்து எறங்கலாம். சரி, டயரை முதல்ல கண்ணுல காட்டுங்க... அண்ணே, உருட்டிட்டு வாங்க. அந்த டிரம்மு மேல தூக்கி வைங்கண்ணே, எனக்குக் குனிய முடியாது.

ம்ம்... இதுக்கா பதினொண்ணரை? உள்ஓரம் பாருங்க, ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. இதை வச்சிருந்தவன் சக்கரம் நேரா ஓடுதான்னு ஒரு நாளும் பாத்திருக்க மாட்டான். ஐநூறு ரூபா ஆகுமேன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், கஞ்சப் பிசினாறி! நடுவுலயும் தேஞ்சிருக்கு, காத்தை அளவில்லாம அடிச்சிருக்கான். கல்லு மாதிரி இருந்தா பலம்னு நெனச்சுக்கிட்டிருக்கான், முட்டாப்பய. இப்படி ஒருத்தன் கையில இருந்த டயரை எந்த நம்பிக்கையில வாங்குறது? டயரு சேதாரம் பாதி, அவன் புத்தி சேதாரம் மீதி. எட்டுக்கு மேல ஒத்த ரூபா சேராது... சிரிக்காதீங்க முதலாளி, நான் நெசமாத்தான் சொல்றேன்... ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?

திருப்புங்கண்ணே, வெளிப்பக்கம் வெடிப்பு இருக்கான்னு பாப்போம்... இன்னும் கொஞ்சம்... இன்னும்... நிறுத்துங்க.

(டயரின் வெளிப்பக்கத்தைக் கையால் துடைத்துப் பார்க்கிறார்.)

மாப்ள... லைன்ல இருக்கியா?... இரு. போயிடாத... நீ ஒண்ணும் பேச வேணாம். போன வருஷம் புது டயர் வாங்கின அன்னிக்கு, நம்ம வாசல்ல வச்சு கம்பியக் காய்ச்சி, டயர்ல வண்டி நம்பர சூடு போட்டோம். எவனும் மாத்திடக்கூடாதுன்னு. நீ டயரைப் புடிச்சுக்கிட்ட, நான் சூடு வச்சேன். நாலு எண்ணு. கடைசி எண்ணு ஏழு, அதை வைக்கும்போது புகை மூக்குல ஏறி நீ தும்மின... ஆமா... டயரு உருண்டுபோய் ஏழு சாஞ்சுக்கிச்சு. நான் உன்னைத் தெருவே கேக்குற மாதிரி திட்டினேன்...

அந்த ஏழு இப்ப டிரம்மு மேல சாஞ்சுக்கிட்டு என்னைப் பாக்குது. பதினொண்ணரை ஆயிரம் சொல்றாரு.

டேய்... டேய், வாயத் தொற... இப்ப மட்டும் ஏன் சத்தத்தைக் காணோம்? இவ்ளோ நேரம் "மாமா ஒரு நிமிஷம், மாமா ஒரு நிமிஷம்"ன்னியே, இந்தா, நிமிஷம். எடுத்துக்கோ. எத்தனை வேணும்?

நீதான் வித்தியா?... நீதான் வித்த... எவ்ளோ?... எட்டு. ஒண்ணு எட்டு, ரெண்டும் பதினாறு. வித்த இடத்துலயே ஒட்டு டயர் ரெண்டு வாங்கி மாட்டிட்ட. அது?... மூணு மூணு ஆறு. மிச்சம் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரத்துல என்ன பண்ண? சினிமா எடுத்தியா?... என்ன?... கொஞ்சம் சத்தமா சொல்லு...

எப்ப?... நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரமா?... கடன் குடுத்தவங்க வீட்டு வாசலுக்கே வந்தாங்களா? என்கிட்ட யாரும் சொல்லலியே... நான் மருந்து போட்டுத் தூங்கிட்டிருந்தேனா... ம்... ம்... தவணை இருபத்திரண்டு, கையில பன்னெண்டு... ம்... சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா வண்டியத் தூக்கிடுவோம்னு...

அதனால வண்டியக் காப்பாத்த வண்டியோட காலை வித்திருக்க.

இல்லடா, திட்டல. திட்டுறதுக்கு வாய் வரல. கணக்கு போட்டுப் பாக்குறேன். நானா இருந்தா எதை வித்திருப்பேன்னு. உங்கக்கா கழுத்துல வித்துப்போட ஒண்ணும் மிச்சமில்ல, அது என் இடுப்புக்கே போச்சு. தையல் மெஷின வித்தா அவ கையை வித்த மாதிரி. ஸ்டெப்னி டயர எவனும் சீந்தமாட்டான்... ம்... முன் டயர்தான். வேற எதுவும் இல்ல. சரியாத்தான் எடுத்திருக்க, பாவிப்பயலே.

ஆனா ஒண்ணு சொல்லு. ஒட்டு டயரை முன்னாடி மாட்டி ஐஸ் லோடு ஏத்தி நீ எப்படிடா ஓட்டின? வெடிச்சிருந்தா?... அதான?... அதனாலதான் நாப்பதா?... முள்ளு நாப்பதைத் தாண்டக்கூடாதுன்னு கடைக்காரரே சொன்னாரா...

ம்.

ஆமா. ஆமாடா. இப்பதான் சொன்னேன், ஆமைன்னு. என் வாயாலதான் சொன்னேன். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்த.

உங்கக்காவுக்குத் தெரியுமா?... அவளுக்கும் தெரியும். நல்லா இருக்கு. அப்ப சாவிய ஒளிச்சு வச்சது என் இடுப்புக்காக இல்ல. டயருக்காக. நான் வேற அந்த டிராயரத் தொறந்துட்டு, ஏதோ பேங்க் லாக்கர உடைச்ச மாதிரி வீரமா வெளிய வந்தேன்... இல்ல, அவகிட்ட இப்ப சொல்லாத. போனை அவகிட்ட குடுக்காத. நானே சொல்லிக்கிறேன்.

அப்ப அந்தப் பதினஞ்சு போனு...

வண்டியத் தொடாதன்னு சொல்லவா?... பாலத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லவா?... நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் உன் பேரு வரும்போது சிரிச்சேன். "அடி, அடி, பேட்டாவுக்கு அழு"ன்னு சொல்லிக்கிட்டு, எழுபதுல வந்தேன்டா நான். எழுபதுல.

சரி. சரி விடு. ஒண்ணும் ஆகலைல்ல. மூக்கச் சிந்து முதல்ல, எனக்குக் காதுக்குள்ள கேக்குது... எதுவும் சொல்லாத. உன் மாமன் உசுரோட நின்னு பேரம் பேசிக்கிட்டிருக்கான், அவ்ளோதான். சொந்த டயருக்கு.

(கடைக்காரர் பக்கம்)

முதலாளி, உங்களுக்கு எல்லாம் தெரியும்ல? வண்டி உள்ள நுழையும்போதே தெரியும்ல?... "நீங்க கேக்கலியே"வா? எதைக் கேக்கணும், "என் டயரு உங்ககிட்ட இருக்கா"ன்னு போற கடையிலெல்லாம் கேட்டுக்கிட்டே போவாங்களா மனுஷங்க?... கஞ்சப் பிசினாறின்னு நான் சொன்னதுக்குத்தான் அந்தச் சிரிப்பா? சிரிங்க. நல்லா சிரிங்க. இந்தக் கடையில இன்னிக்கு இனாமாக் கிடைச்சது அது ஒண்ணுதான்.

(போனுக்குள்)

என்ன மாப்ள?... என்ன குடுத்த?... யார்கிட்ட, இவர்கிட்டயா?... எப்படி?... பேட்டாவையா? நடைக்கு நடை பேட்டாவை இங்க இறக்கிட்டுப் போயிருக்கியா?... மொத்தம்?... நாலாயிரத்து ஐநூறு. நான் எழுந்திருக்கிறதுக்குள்ள திருப்பி மாட்டிடலாம்னு... ம்... அப்ப வழியில எதைத் தின்ன?... அதான, நீ இளைச்சுட்டன்னு உங்கக்கா சொன்னா. எவளோ ஒருத்திகிட்ட மனசைக் குடுத்துட்டான்போல, பொண்ணு வீட்டைப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். கடைசில பாத்தா மனசக் குடுத்த எடம் டயர் கடை.

திருப்பி எடுக்க என்ன விலை பேசின?... இருபது. ஜோடி இருபது. யாரு முன்னாடி?... ஃபிட்டரண்ணே இருந்தாரா? போதும். நீ வாய மூடிக்கிட்டு லைன்ல இரு. இப்ப நெசமாவே யாவாரம்.

(கடைக்காரர் பக்கம், மிக இனிமையாக)

முதலாளி, இருபதுன்னு பேசி நாலாயிரத்து ஐநூறு முன்பணமும் வாங்கி வச்சிருக்கீங்களாமே. வயசாச்சுன்னா மறந்துபோகும், தப்பில்ல... பேசின ஒரு மாசக் கெடு முடிஞ்சுபோச்சா? தாண்டி நாலு நாளுதான?... கெடு தாண்டினா முன்பணம் போச்சா? எந்தச் சட்டத்துல?... உங்க சட்டம். சரி. அப்ப என் சட்டத்தையும் கேளுங்க. அந்தா கிழிஞ்சு கெடக்குதே, அது என் டயரு. என்னைக் கேக்காம உங்க ஆளு கடப்பாரையப் போட்டுக் கிழிச்சது... வீங்கினதுதான், ஒட்டுதான், உதவாததுதான். ஆனா அதை மாட்டிக்கிட்டு உருண்டு உருண்டாவது நான் அடுத்த கடைக்குப் போயிருப்பேன்ல? போகவிடாமப் பண்ணிட்டீங்க. நான் இங்கயே உக்காந்துடுறேன். எனக்கென்ன, ஐஸ் தண்ணி இருக்கு, நாய் துணைக்கு இருக்கு. சாயங்காலம் வரைக்கும் உங்க வாசல மறிச்சுக்கிட்டு, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் இந்த ஏழோட கதையச் சொல்றேன். எனக்குக் கதை சொல்ல வரும்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்...

ம்... ம்... அப்படி வாங்க. இருபது. முன்பணம் சேத்தி... மாட்டுக்கூலியா? அது வேறயா?... நானூறா! சரி, தொலையுது. அந்தப் பழசு ரெண்டுக்கு என்ன போடுவீங்க?... ஐநூறா? ரெண்டுக்குமா? மூணு மூணுன்னு நீங்களே வித்த டயருங்க அது!... ஆமா, ஒண்ணு வீங்கிக் கிழிஞ்சது, இன்னொண்ணு தேஞ்சது. கிழிச்சது யாரு?... சரி ஐநூறு. சொட்டுது முதலாளி, சரி.

(போனுக்குள்)

மாப்ள, கணக்கப் பாரு. இருபதுல நாலரை போச்சு, பதினஞ்சரை. கூலி நானூறு, பதினஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம். பழசுக்கு ஐநூறு கழி. பதினஞ்சாயிரத்து நானூறு. என்கிட்ட பதிமூணு. துண்டு விழுது ரெண்டாயிரத்து நானூறு. உன் கையில எவ்ளோ இருக்கு? பொய் சொல்லாம சொல்லு... நானூத்துப் பத்தா? பத்தை வச்சுக்கோ, டீ குடி. நானூறைக் கடைக்காரர் நம்பருக்கே அனுப்பு... ஆங், டிங்குன்னுச்சு. வந்துடுச்சு. மூஞ்சியப் பாரு அவருக்கு, நானூறுக்கே விளக்கு போட்ட மாதிரி ஆகுது.

முதலாளி, ரெண்டாயிரம்தான் பாக்கி. சாயங்காலம் வாடகை வாங்கிட்டு இதே வழியாத்தான் திரும்புறேன், குடுத்துட்டுப் போறேன்... கடன் கிடையாதா? தெரியும், செவுத்துல எழுதியிருக்கீங்க, படிச்சேன். எழுத்து கூட என் ஏழு மாதிரி சாஞ்சிருக்கு... ஸ்டெப்னிய வச்சுட்டுப் போறேனே... ஏன், அவ்ளோ மோசமா அது?... அப்ப என்னதான் வேணும்? என் பெல்ட்டா?... எது?... இதுவா?

மாப்ள, இவரு கைய நீட்டுறாரு. போனைக் கேக்குறாரு.

என்ன பண்றது, குடுக்கத்தான் வேணும். ஃபிட்டர் வலது பக்கம் மாட்டியாச்சு, இடது பக்கம் நட்டு முறுக்கிட்டிருக்காரு. நாய எழுப்பி விட்டாச்சு, அது என்னை என்னமோ வீட்டைக் காலி பண்ணச் சொன்னவன் மாதிரி பாக்குது... கேளு. இனி சாயங்காலம் வரைக்கும் இந்த நம்பருக்கு யாரு அடிச்சாலும் டயர் கடைக்காரர்தான் எடுப்பாரு. உங்கக்காவ போன் அடிக்கவேணாம்னு சொல்லு. அவளுக்கும் எதையாவது வித்துடுவாரு. ஏலக்காரருக்கு நீயே போன் போட்டு, ஐஸ் வருதுன்னு சொல்லு. எப்ப வரும்னு கேட்டா... நாப்பதுல வருதுன்னு சொல்லு. ஆமா. நாப்பதுலதான். டயரு நல்ல டயருதான், தெரியும். ஓட்டுறவன் இன்னிக்கு ஒரு தடவை எழுபதுல வந்துட்டான், போதும்.

ரெண்டே ரெண்டு பேச்சு முதலாளி, குடுத்துடுறேன், எங்கயும் ஓடல. ஓடுற நெலமையிலயா இருக்கேன்?

மாப்ள, நம்ம கணக்க முடிச்சுக்குவோம். எழுத வேணாம், மனசுல வச்சுக்கோ. நீ வித்தது பதினாறு, நான் வாங்கினது இருபது. என் பொருள நானே வாங்கினதுல நாலாயிரம் நட்டம், அது வண்டி கணக்கு, உன் தலையில இல்ல. பேட்டா நாலாயிரத்து ஐநூறு, அது என் தலையில. இன்னிக்கு நானூறு, அதுவும் என் தலையில... பேசாத, கணக்கு சொல்லும்போது குறுக்க பேசக்கூடாது... ஆமைன்னு சொன்னதைத் தள்ளுபடி பண்ணிக்கோ. துறைமுகத்துக்காரங்க சொன்னது வேற, அதை நான் போய் அங்க பைசல் பண்ணிக்கிறேன்.

ஆக, நான் உனக்குத் தரவேண்டியது நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபா, அப்புறம் எடுக்காத பதினஞ்சு போனு. ரூபாய சாயங்காலம் தர்றேன். அந்தப் பதினஞ்சு... அது பாக்கி.

இந்தாங்க முதலாளி.